மூட்டுவாதக்காரருக்குச் சொன்னது சிறுநீரகம் மாற்றியவருக்குப் பொருந்துமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46, எடை 60 கிலோ. பதினான்கு மாதங்களுக்கு முன் என் மாமியாரின் சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்தினார்கள். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் 5 மி.கி., பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் 1.2-லேயே நின்றுகொண்டிருந்தது. ஐப்பசி மழையில் எட்டு வயது மகனுக்குச் சளி பிடித்தது. இரண்டு நாளில் இவருக்கும் தொண்டை வலி, இருமல், கடுமையான உடம்பு வலி. காய்ச்சல் 100-ஐத் தாண்டவில்லை என்பதால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கினோம். கிளாரித்ரோமைசின் 500 காலை, இரவு. அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. ஒரு சளி மாத்திரை. பக்கத்து வீட்டு அக்கா மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். காய்ச்சல் வந்தால் அந்த வாரம் போட வேண்டாம் என்று அவருடைய டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "எல்லாமே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரைதானே" என்றார். அதைக் கேட்டு மைக்கோஃபினோலேட்டை மூன்று நாள் நிறுத்தினோம். கபசுரக் குடிநீரும் இரண்டு வேளை கொடுத்தேன். நடுவில் வயிற்றுப்போக்கு. ஆறாம் நாள் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மருத்துவமனையில் கிரியாட்டினின் 1.9, டாக்ரோலிமஸ் அளவு 19 (வழக்கமாக 6, 7 இருக்கும்). சளிப் பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ. ஐந்து நாள் தங்கி வந்தோம், இப்போது 1.3. எங்கே தவறினோம்? அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்? தடுப்பூசி போடலாமா? மளிகைக் கடையில் அவர் மறுபடி உட்காரலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நாள்வாரியாக எழுதியிருப்பதால் நடந்ததைப் பின்னோக்கிப் படிக்க முடிகிறது. கை நடுக்கத்திலிருந்து தொடங்குவோம். அது வைரஸின் வேலை அல்ல. டாக்ரோலிமஸ் இரத்தத்தில் மிகுந்துவிட்டால் முதலில் தெரிகிற அடையாளங்களில் ஒன்று விரல் நடுக்கம். தலைவலியும் தூக்கமின்மையும் சிலருக்குக் கூடவே வரும். சிறுநீரகத்தைக் காப்பதற்காகக் கொடுக்கும் இந்த மருந்து, அளவு மிஞ்சினால் சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் நுண்குழாய்களைச் சுருக்கி, அதே சிறுநீரகத்தை வாட்டும். தேவைக்கும் நச்சுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகலான மருந்து இது. அதனால்தான் உங்களை அடிக்கடி இரத்த அளவு பார்க்கச் சொல்கிறார்கள்.

ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகப் போடாமல் 19 எப்படி வந்தது? டாக்ரோலிமஸைச் சிதைத்து வெளியேற்றுவது குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடும். வாசலை அடைத்துவிட்டு, உள்ளே வழக்கம்போல் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இரண்டு மூன்று நாளில் அளவு பல மடங்கு ஏறிவிடும். எரித்ரோமைசினும் அப்படித்தான். அதே குடும்பத்து அசித்ரோமைசின் இந்த நொதியை அவ்வளவாகத் தொடாது. சளிக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் தேவையில்லை என்பது வேறு விஷயம். வைரஸ் மேல் இவற்றுக்கு வேலையே இல்லை. ஆனால் தேவை வந்து கொடுக்கும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் சிறுநீரகம் தப்புவதும் தவிப்பதும் இருக்கிறது.

வயிற்றுப்போக்கும் தன் பங்கைச் செய்திருக்கும். பேதியானால் மருந்து உடம்பில் சேராமல் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். டாக்ரோலிமஸில் இது தலைகீழ். குடல் சுவரில் இருக்கும் அந்த நொதியும், மருந்தைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும் புரதமும் பேதியால் சேதமாகிவிடுவதால், வழக்கத்தைவிட அதிக மருந்து இரத்தத்துக்குள் நுழைந்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் பேதி நீடித்தால் டாக்ரோலிமஸ் அளவையும் கிரியாட்டினினையும் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த 19-இல் ஒரு பகுதி பொய்யாகவும் இருக்கலாம். இரத்தம் கொடுக்கும் முன் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். முந்தைய இரவு வேளை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை வேளைக்கு முன் எடுக்கும் இரத்தத்தில்தான் இந்த அளவைப் பார்க்க வேண்டும். போட்டுக்கொண்டு போய் இரத்தம் கொடுத்தால் அளவு ஏற்றிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து. உங்கள் கணவருக்கு நடுக்கமும் கிரியாட்டினின் ஏற்றமும் சேர்ந்தே இருந்ததால் அளவு உண்மையிலேயே கூடியிருந்தது என்று நம்பலாம்.

அடுத்தவர் அசிக்ளோஃபெனாக். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமெசுலைடு, மெஃபனமிக் ஆசிட் எல்லாம் இதன் உடன்பிறப்புகள். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே உள்நுழையும் குழாயைச் சுருக்கியிருக்கிறது. இந்த வலி மாத்திரைகள், அந்தக் குழாயை விரித்து வைத்திருக்கும் இயற்கைப் பொருளின் உற்பத்தியை நிறுத்துகின்றன. டெல்மிசார்டனோ வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. இதோடு காய்ச்சலாலும் பேதியாலும் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நாலும் ஒரே வாரத்தில் கூடினால், வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தமே சிறுநீரகத்துக்குள் இருக்காது. 1.9 வந்ததில் வியப்பில்லை. 1.3-க்குத் திரும்பியதுதான் நல்ல காலம்.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் அவருக்கு உரியது வெறும் பாராசிட்டமால். 500 அல்லது 650 மி.கி., ஆறு மணிக்கு ஒரு முறை, ஒரு நாளில் 3 கிராமுக்கு மேல் போகாமல். இங்கே ஒரு பொறி: "சளி மாத்திரை" என்று கொடுப்பதில் பெரும்பாலும் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். வலி மாத்திரையிலும் இருந்தது. இரண்டையும் தனித்தனி மருந்தென்று நினைத்துப் போட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். சளி மாத்திரைகளில் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் ஒரு கூட்டு மாத்திரையும் வீட்டுக்குள் வரக் கூடாது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். தொண்டைக்கு வெந்நீர் உப்புக் கொப்பளிப்பு.

ஊர் கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டால் நாளைக்கே எழுந்துவிடுவார்" என்று சொல்வதுண்டு. அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், சில இடங்களில் கூடவே ஸ்டீராய்டு, சில சமயம் ஜென்டாமைசின் அல்லது அமிக்காசின். முதலாவதும் கடைசி இரண்டும் சிறுநீரகத்துக்கு நேரடிக் கேடு. மாற்று அறுவை நடந்தவர் என்று சொல்லாமல் கையை நீட்டிவிடாதீர்கள். சொன்ன பிறகும் ஊசியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி பக்கத்து வீட்டு அக்கா. அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய டாக்டரும் தவறாகச் சொல்லவில்லை. மூட்டுவாதத்தில் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை போடும் மருந்து. கடும் தொற்று வந்தால் ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். அதனால் ஆகக்கூடியது மூட்டு வலி கொஞ்சம் தலைதூக்குவது. மருந்தைத் தொடங்கினால் மறுபடி அடங்கிவிடும். உங்கள் கணவர் உடம்பில் இருப்பதோ இன்னொருவரின் உறுப்பு. அவருடைய வெள்ளணுக்கள் அதை வேற்றாளாகவே பார்க்கின்றன. மருந்து மட்டும்தான் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. வைரஸ் தாக்கும்போது எதிர்ப்பு அணுக்கள் வழக்கத்தைவிட விழித்திருக்கும். சரியாக அந்த வாரத்தில் கட்டை அவிழ்த்தால் நிராகரிப்பு தொடங்கலாம். அது வலிக்காது, காய்ச்சல்கூட வராமல் போகலாம். கிரியாட்டினின் ஏறும்போதுதான் தெரியும். அப்படி இழந்த சிறுநீரகத் திசு மூட்டு வலி போல அடங்கித் திரும்பாது.

குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. கடுமையான தொற்றில் மருத்துவமனையிலேயே மைக்கோஃபினோலேட்டைப் பாதியாக்குவார்கள், அல்லது சில நாள் நிறுத்துவார்கள். வெள்ளணுக்கள் பெருகுவதையும் எதிர்ப்புப் புரதம் உண்டாவதையும் தடுப்பது அந்த மருந்து. நிமோனியா வந்துவிட்டால் அந்தத் தடையை முதலில் தளர்த்துவதுதான் வழக்கம். ஆனால் அப்போது டாக்ரோலிமஸ் அளவைப் பார்த்துக்கொண்டு, ஸ்டீராய்டைத் தொடர்ந்துகொண்டு, ஓரிரு நாளுக்கு ஒரு முறை கிரியாட்டினின் எடுத்துக்கொண்டு செய்கிறார்கள். எப்போது திரும்பத் தொடங்குவது என்ற தேதியும் அவர்கள் கையில் இருக்கும். வீட்டில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது இந்தத் தேதியைத்தான். மூக்கொழுகல், லேசான இருமல் அளவில் இருந்தால் மூன்று மருந்தும் ஒரு வேளை தவறாமல் தொடர வேண்டும்.

பிரெட்னிசோலோனை எந்த நிலையிலும் வீட்டில் நிறுத்தக் கூடாது. 5 மி.கி. தானே என்று தோன்றும். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததால் அவருடைய அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். காய்ச்சல் நாளில் உடம்புக்கு ஸ்டீராய்டு அதிகம் தேவைப்படும். அந்த நாளில் நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழும், வாந்தி, மயக்கம் வரும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் நிறுத்தலாமா என்று கேட்கத் தகுந்த ஒரே மருந்து டெல்மிசார்டன். வாந்தி, பேதி, சரியாகச் சாப்பிட முடியாத நாட்களில் அதை நிறுத்தி வைக்கும்படி பல மருத்துவர்கள் சொல்வார்கள். அதுவும் போனில் கேட்ட பிறகு.

இதே பகுதியைப் படிக்கும் மெத்தோட்ரெக்சேட்காரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. இருமலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி இரத்த அணுக்கள் சரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு முதல் சில மாதங்கள் நாங்களே அந்தக் கோட்ரைமாக்சசோலைத் தினமும் கொடுப்போம், நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியா வராமலிருக்க. ஒருவருக்குக் கவசம், இன்னொருவருக்கு நஞ்சு.

கபசுரக் குடிநீரைப் பற்றிக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நல்ல உடம்புக்காரர்கள் குடிப்பதைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதில் 15 சரக்குகள் இருக்கின்றன. அவற்றில் சீந்திலும் நிலவேம்பும் உண்டு. சீந்திலின் பெருமையே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதுதான். உங்கள் கணவருக்கு நாம் விலை கொடுத்து அடக்கி வைத்திருப்பதும் அதையேதான். சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததும் பதிவாகியிருக்கிறது. திப்பிலி, மிளகில் உள்ள பைப்பரின், டாக்ரோலிமஸைச் சிதைக்கும் அதே நொதியை ஓரளவு தடுக்கக்கூடியது. சமையலில் போடும் அளவு பிரச்சினையில்லை. மிளகு ரசம் வையுங்கள், பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் போடுங்கள். சூரணமாக, மாத்திரையாக, குடிநீராகக் காய்ச்சிச் செறிவாக்கிக் கொடுப்பது வேண்டாம். பம்பளிமாஸ் பழமும் அந்த நொதியைத் தடுக்கக்கூடியது. சாத்துக்குடி, ஆரஞ்சு சாப்பிடலாம்.

சரி, அடுத்த முறை. இருக்கிறவற்றில் மிகப் பெரிய பாடம், "காய்ச்சல் 100-ஐத் தாண்டவில்லை" என்ற உங்கள் வரியில் இருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் முழு உயரத்துக்கு ஏறாது. நோய் எவ்வளவு கனம் என்பதைத் தெர்மாமீட்டர் இவருக்குச் சொல்லாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அன்றே மாற்று அறுவை மையத்துக்குப் போன் செய்ய வேண்டும். தொடாமலே உடம்பு வலி, சோர்வு, இருமல் சேர்ந்து வந்தாலும் அன்றே செய்ய வேண்டும். பாராசிட்டமால் கொடுக்கும் முன் காய்ச்சலைப் பார்த்து எழுதிவையுங்கள். கொடுத்துவிட்டுப் பார்த்தால் உண்மை மறைந்துவிடும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் ஓசெல்டாமிவிர். இன்ஃப்ளூயன்சாவுக்கான இந்த மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு 48 மணி தாண்டிய பிறகும் கொடுப்போம், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும். உங்கள் கணவருக்கு ஆறாம் நாள்தான் வாய்ப்பு வந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் பருவக் காய்ச்சலை ஏ, பி, சி என்று வகுத்திருக்கிறது. நோய் லேசாக இருந்தாலும் சிறுநீரக நோயாளிகளும் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் பி பிரிவின் இரண்டாம் வகையில் வருவார்கள். அவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் ஓசெல்டாமிவிர் தொடங்கலாம் என்பதே அந்த வகுப்பின் பொருள். உள்ளூர் டாக்டரிடம் இதை நினைவூட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அளவு மட்டும் கவனம். சாதாரணமாக 75 மி.கி. காலை, இரவு, ஐந்து நாள். சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் கிரியாட்டினினைப் பார்த்துக் குறைக்க வேண்டும். உங்கள் கணவரின் வயது, எடை, 1.2 கிரியாட்டினினை வைத்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு சுமார் 65 மில்லி. அதற்கு முழு அளவு போடலாம். 1.9 ஆனபோது அதே மனிதருக்கு அது 41-க்கு இறங்கிவிட்டது. அப்போது 30 மி.கி. காலை, இரவு. இன்னும் இறங்கி 30-க்குக் கீழே போனால் 30 மி.கி. ஒரு வேளைதான். டாக்ரோலிமஸோடு ஓசெல்டாமிவிர் மோதாது என்பது ஆறுதல்.

கொரோனாவாக இருந்தால் கதை வேறு. அதற்கான வாய்வழி மருந்தான நிர்மாட்ரெல்விரோடு ரிட்டோனாவிர் என்ற துணை மருந்து சேர்ந்தே வரும். கிளாரித்ரோமைசின் செய்ததை அது இன்னும் மூர்க்கமாகச் செய்யும். அதைத் தொடங்கினால் டாக்ரோலிமஸை நிறுத்திவைத்து, அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் மறுபடி ஏற்ற முடியும். அதனால் பல மாற்று அறுவை மையங்கள் மூன்று நாள் ரெம்டெசிவிர் ஊசியை விரும்புகின்றன: முதல் நாள் 200 மி.கி., அடுத்த இரு நாள் 100 மி.கி. அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்குள். எந்த வைரஸ் என்பது தெரிந்தால்தான் இந்தப் பிரிவில் சரியான வழியைப் பிடிக்க முடியும். எனவே முதல் அல்லது இரண்டாம் நாளே மூக்கு, தொண்டைச் சளியில் ஆர்டி-பிசிஆர் எடுத்துவிடுங்கள். வீட்டில் செய்யும் பட்டைப் பரிசோதனை "இல்லை" என்று காட்டினால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

போனில் மாற்று அறுவை மையத்தின் கோஆர்டினேட்டரிடம் பேசும்போது பதற்றத்தில் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்போம். அவருக்கு வேண்டியது இந்த வரிசை: அறுவை நடந்த மாதம், இப்போது போடும் மூன்று மருந்தின் அளவு, கடைசி கிரியாட்டினின், கடைசி டாக்ரோலிமஸ் அளவு, அறிகுறி தொடங்கிய நாள், இன்றைய காய்ச்சல், நாடித்துடிப்பு, ஆக்சிஜன், இரத்த அழுத்தம், வாந்தி பேதி உண்டா, நேற்றிலிருந்து சிறுநீர் குறைந்திருக்கிறதா, வேறு என்ன மாத்திரை போட்டார். இதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். தாளின் அடியில் பெரிய எழுத்தில்: கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல், ரிஃபாம்பிசின், எல்லா வலி மாத்திரைகளும் கேட்காமல் கூடாது. ரிஃபாம்பிசின் மட்டும் எதிர்த் திசையில் இழுக்கும். டாக்ரோலிமஸ் அளவைத் தரைமட்டமாக்கிவிடும். மருந்துக் கடைக்குப் போகும்போது அந்தத் தாளின் படத்தை போனில் காட்டுங்கள்.

ஆக்சிஜன் பார்க்கும்போது விரலில் மருதாணியோ நெயில் பாலிஷோ இருக்கக் கூடாது, கை சில்லிட்டிருக்கக் கூடாது, எண் நிலைத்து நிற்க அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவதுண்டு. ஆகவே 94-க்கு இறங்கினாலே, "இன்னும் 94 இருக்கே" என்று நினைக்காமல் கிளம்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டி, வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்த பிறகு மூன்று நான்கு குறைந்தாலும் நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள். மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, சிறுநீர் வெகுவாகக் குறைதல், மாத்திரை வயிற்றில் நிற்காத வாந்தி: இவற்றில் ஒன்று போதும், 108-ஐக் கூப்பிட.

ஒரு முறை தேறிவந்து, காய்ச்சல் விட்டு, நான்கைந்து நாளில் மறுபடி காய்ச்சலும் சளியும் வந்தால் அது பழைய வைரஸின் மிச்சம் அல்ல. வைரஸ் உரித்துவிட்டுப் போன மூச்சுக்குழாயில் நிமோகாக்கஸோ ஸ்டஃபைலோகாக்கஸோ, ஏதோ ஒரு பாக்டீரியா குடியேறியிருக்கும். ஆன்டிபயாட்டிக்கின் உண்மையான நேரம் அதுதான். ஸ்கேன் எடுக்கச் சொன்னால், நுரையீரல் சி.டி.க்குப் பெரும்பாலும் சாயம் ஏற்றத் தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள். சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஆரம்ப நாள் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் உண்டு. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் நம் நாட்டில் காசநோய்க்குச் சளி கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு முன் லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்துப் பார்த்தால் காசநோய் பாதி அடங்கி ஒளிந்துகொள்ளும், கண்டுபிடிப்பு தள்ளிப்போகும்.

தடுப்பூசி போடலாமா என்றால், போட்டே ஆக வேண்டும். 14 மாதம் ஆகிவிட்டதால் தடையொன்றும் இல்லை. ஊசியாகப் போடும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதனால் காய்ச்சல் தொற்றாது, உறுப்பு நிராகரிப்பும் வராது. மூக்கில் தெளிக்கும் வகை உயிருள்ளது, அது கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த பருவத்துக்கான வைரஸ் வகைகளை அறிவிக்கிறது. அதனால் போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் வடகிழக்குப் பருவமழையோடு கூடிவரும். ஊசி வேலைசெய்ய இரண்டு வாரம் ஆகும். ஆவணியில் போட்டுவிட்டால் ஐப்பசிக்குத் தயாராக இருப்பார். மைக்கோஃபினோலேட் சாப்பிடுபவர்களுக்குத் தடுப்பூசி முழுப் பலன் தராது. அதற்காக ஊசிக்கு முன்னும் பின்னும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். குறைகிற பலனை ஈடுகட்ட நீங்கள், மகன், மாமியார் மூவரும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை வைரஸ் உள்ளே வந்தது மகன் வழியாகத்தான்.

நிமோகாக்கஸ் தடுப்பூசியும் அவருக்கு வேண்டும். 13 வகைகளுக்கான ஊசி முதலில், குறைந்தது எட்டு வாரம் கழித்து 23 வகைகளுக்கானது. 20 வகைகளுக்கான புதிய ஊசி கிடைத்தால் அது ஒன்றே போதும். தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகள் உயிருள்ளவை, அவருக்குக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை வந்து தங்கி, அதற்குப் போலியோ அல்லது ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்திருந்தால், சில வாரங்களுக்கு அதன் துணியை மாற்றும் வேலை அவரிடம் போக வேண்டாம்.

மாமியாரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அவரும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர். கால்வலிக்கென்று அதே அசிக்ளோஃபெனாக் அட்டையிலிருந்து அவர் எடுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள்.

கடையில் உட்காரலாம். நல்ல உடம்புக்காரர் இன்ஃப்ளூயன்சா வைரஸை ஐந்திலிருந்து ஏழு நாள் வரை பரப்புவார். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் அதைவிட நீண்ட நாள், சிலர் வாரக்கணக்கில் பரப்புவார்கள். அதனால் இருமல் அடங்கும் வரை வாடிக்கையாளர் முன் உட்கார வேண்டாம். அதன் பிறகு மழை மாதங்களில் என்-95 முகக்கவசம், கன்னத்தில் இடைவெளி விழாமல். துணிக் கவசம் மற்றவர்களைத்தான் காக்கும், அவரை அல்ல. கல்லாவைக் கடையின் உள்மூலையிலிருந்து வாசல் காற்று படும் இடத்துக்கு மாற்றுங்கள். எதிர்க்காற்றை இழுத்து முகத்தில் அடிக்கும் மேசை விசிறியை அவருக்குப் பின்னால் வைத்து, காற்று வாடிக்கையாளர் பக்கமாகப் போகும்படி திருப்பிவிடுங்கள். காசை எண்ணிய கையால் மூக்கைத் தொடாமலிருக்கக் கல்லா மேலேயே ஒரு சானிட்டைசர் இருக்கட்டும். மூட்டை தூக்குவதும், மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதும், பூசணம் பிடித்த பழைய தானியத்தைத் தூற்றுவதும் வேறு யாராவது செய்யட்டும். கடைசி இரண்டில் பறக்கும் தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும், காய்ச்சலில் அடிபட்டு எழுந்த நுரையீரலுக்கு இப்போது அது வேண்டாம்.